கத்திரியில் சைக்கிள்: புதுவை – பாகூர் – தேவனாம்பட்டினம்

மே 3, சனி மாலை

நாளை கத்திரி பிறக்கிறது. சூரியன் 5.50க்கெல்லாம் தலைகாட்டிவிடும், அதனால் 5 மணிக்கே கிளம்ப வேண்டும். வழி: கடற்கரைச் சாலை, மரப்பாலம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம். அங்கே மேற்கே திரும்பி பாகூர் ஏரிக்கரை. திரும்பவும் கடலூர் சாலையைப் பிடித்து முள்ளோடை, பெண்ணையாற்றுப் பாலம், தேவனாம்பட்டினம். நேர்ச்சாலையில் போனால் கடலூர் 22 கிலோமீட்டர் சொச்சம்தான். பாகூர் சுற்று அதற்கு மேல்.

வண்டி இரண்டு. ஒன்று செயின் கவர் மூடிய 28 இஞ்சு கறுப்பு ரோட்ஸ்டர். இன்னொன்று 700 x 35 டயர் போட்ட கியர் வண்டி. டயரும் வால்வும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆகவே பையில் இரண்டுக்கும் தனித்தனியாகச் சாமான்.

காற்றை இன்றே அடித்துவிடுவது நல்லது. இரவில் இறங்கியிருந்தால் காலையில் கட்டைவிரல் சொல்லிவிடும். கியர் வண்டி டயரின் ஓரத்தில் 50–75 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று இருக்கிறது. 70 கிலோ ஆளுக்குப் பின்னால் 60, முன்னால் 52 போதும். வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து கோடையில் காற்றைக் குறைத்து அடிப்பவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 28 டிகிரியில் 60 அடித்த டயர், தார்ச்சூட்டில் உள்ளே 48 டிகிரிக்குப் போனாலும் 65ஐத்தான் தொடும். டயர் அதைத் தாங்கும். ஆனால் பயந்துபோய் 35க்குக் குறைத்தால், முதல் பள்ளத்திலேயே ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும்.

பெட்ரோல் பங்க்கில் சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டாம். காருக்கான அந்த வேகத்தில் இந்தச் சின்ன டியூப் நொடியில் அளவைத் தாண்டிவிடும்.

பையில்: டயரை நெம்பி எடுக்கும் பிளாஸ்டிக் லிவர் இரண்டு, பஞ்சர் ஒட்டு ஆறு (25 மி.மீ., ஓரம் மெலிந்தது), திறக்காத சொல்யூஷன் (ஒட்டுப் பசை) டியூப், உப்புத்தாள் துண்டு, முள்வாங்கி, பழைய பருத்தித் துணி, கைப்பம்பு, 15ஆம் நம்பர் ஸ்பானர், வால் டியூப் (ரோட்ஸ்டர் வால்வின் ஊசிமேல் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) ஒரு சாண், கியர் வண்டிக்கு மாற்று டியூப் ஒன்று, கொஞ்சம் பவுடர். ஏற்கெனவே திறந்த சொல்யூஷனை நம்பிக் கிளம்பக் கூடாது. மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், பிதுக்கினால் ஒன்றும் வராது. உள்ளே இருந்த கரைப்பான் எப்போதோ ஆவியாகிப் போயிருக்கும்.

மே 4, ஞாயிறு காலை

கடற்கரைச் சாலையில் காலை 7.30 வரை மோட்டார் வண்டி கிடையாது. பிரேக், கியர், சீட் உயரம் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க இதைவிட வசதியான இடம் ஊரில் இல்லை.

கடலூர் சாலையில் ஓரக்கோட்டை ஒட்டியே ஓட்டுவது பாதுகாப்பு என்று தோன்றும். டயருக்கு அது ஆகாது. போகிற வண்டிகள் ஒதுக்கித் தள்ளும் கண்ணாடி, ஆணி, வெடித்த லாரி டயரின் கம்பி எல்லாம் சேருமிடம் அந்த ஓரம்தான். கோட்டுக்கு உள்ளே ஓரடி தள்ளி ஓட்டினால் இதில் பாதி தப்பும். அரியாங்குப்பம், சுண்ணாம்பாற்றுப் பாலங்களில் இணைப்பு வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்து கொடுத்தால் பின்சக்கரத்துக்கு அடி குறையும்.

பாகூர் ஏரி புதுவையில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. கரையில் பனை நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது. கூடவே முள்ளும். சீமைக்கருவேலம் வெட்டிய இடத்தில் சுள்ளி சிதறிக் கிடக்கும். மண்பாதை ஓரத்தில் நெருஞ்சியும் இந்த மாதத்தில் காய்ந்து இறுகியிருக்கும். இரண்டில் மோசம் சீமைக்கருவேலம். நெருஞ்சி குத்தினால் கண்ணுக்குத் தெரியும், நகத்தால் எடுத்துவிடலாம். கருவேல முள் உள்ளே போய் ஒடிந்துகொள்ளும்; வெளியே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும்.

கியர் வண்டியின் பின்சக்கரம் அங்கே இறங்கியது. முள் நிற்பது தெரிந்தால் உடனே பிடுங்கக் கூடாது. அதுவே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். காற்று இருக்கும்வரை மெதுவாக நிழலுக்கு உருட்டிப் போய்விட்டு அப்புறம் கை வைக்கலாம். வெயிலில் நின்று ஒட்டுப்போட்டால் சொல்யூஷன் மேலே காய்ந்து அடியில் ஈரமாக நிற்கும். அதைவிடத் தொல்லை, நெற்றி வியர்வை நேராகத் தேய்த்த இடத்தில் சொட்டுவது. ஒரு சொட்டு விழுந்தாலும் துடைத்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டியதுதான். தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்காருவது உத்தமம்.

வேலை நடந்த வரிசை:

பின்கியரைச் சின்னப் பல்லுக்கு இறக்கி, பிரேக் கேபிளை விடுவித்து, வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றியது. மிச்சக் காற்றை முழுக்க இறக்கி, டயரைச் சுற்றிலும் அமுக்கி, விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளியது. இதைச் செய்தால் டயர் தானே தளரும். செய்யாதவர்கள்தான் லிவரை உடைக்கிறார்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் முதல் லிவர், பத்து சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது. ஒரு பக்க விளிம்பை மட்டும் எடுத்தால் போதும், மறுபக்கம் ரிம்மிலேயே இருக்கட்டும்.

டியூபை வெளியே எடுத்து இரண்டு மடங்கு பருக்கும்வரை காற்றடித்து, கன்னத்தருகே மெல்லச் சுற்ற வேண்டும். காதுக்குக் கேட்காத கசிவு கன்னத்தில் சில்லென்று தெரியும். பாகூரில் காற்று பலமாக அடித்ததால் இது பலிக்கவில்லை. ஏரித் தண்ணீரில் முக்கியதும் குமிழி வந்தது. ஓட்டை அகப்பட்டதும் அதன்மேல் பேனாவால் பெரிய பெருக்கல் குறி போட வேண்டும், கோடுகள் ஓட்டையைத் தாண்டி நீளும்படி. சின்னதாகப் போட்டால் தேய்க்கும்போது குறியும் சேர்ந்து போய்விடும்.

அவசரக்காரர்கள் விடுவது அடுத்த வேலையை. டியூபில் வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி ஓட்டை இருக்கிறதோ, டயரிலும் அதே தூரத்தில் பார்க்க வேண்டும். இதற்காகவே டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேரே வரும்படி மாட்டுவது வழக்கம். எடுக்கும்போது டியூப் புரண்டிருக்கலாம், ஆகவே இரண்டு திசையிலும் தேட வேண்டும். டயரின் உட்புறத்தை விரலால் தடவ வேண்டாம், கிழிக்கும். பருத்தித் துணியை ஓட்டினால் முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டிக்கொண்டு நிற்கும். இன்று மாட்டியது கடுகளவு கருவேல நுனி. வெளியிலிருந்து வராது, டயரை மடக்கி, உள்ளே எட்டிப் பார்க்கும் முனையை முள்வாங்கியால் பிடித்து இழுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ஒட்டு மட்டும் போட்டிருந்தால் முள்ளோடை தாண்டுவதற்குள் மறுபடி இறங்கியிருக்கும்.

உப்புத்தாளால் ஒட்டைவிடச் சற்று அகலமாக, பளபளப்பு போகிற வரை தேய்ப்பு. டியூபில் அச்சுக்கோடு ஒன்று மேடாக ஓடும். ஒட்டு அதன்மேல் வருவதானால் கோட்டை மட்டமாக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோட்டின் ஓரமாகவே காற்று நழுவும். பிறகு விரல் படக் கூடாது, ஊதவும் கூடாது; மூச்சிலும் ஈரம் உண்டு. சொல்யூஷன் மெல்லிசாக ஒரு பூச்சு. ஈரப் பளபளப்பு மறையும் வரை காத்திருப்பு: மே மாத நிழலில் இரண்டு நிமிடம், ஐப்பசி மழையில் ஐந்து நிமிடத்துக்கு மேல். ஒட்டின் தகட்டைப் பிரித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு லிவரின் முதுகால் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்தாயிற்று. மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டியதில்லை. சுற்றிலும் கொஞ்சம் பவுடர், டயரோடு ஒட்டாமல் இருக்க.

ஒட்டிய கையோடு டியூபை வெளியே வைத்துக் காற்றடித்துச் சோதிப்பது பலருக்கும் பழக்கம். அப்படி ஊதினால் ரப்பர் இழுபட்டு ஒட்டின் ஓரம் கிளம்பும். டயருக்குள் போட்டு அடித்தால் டயரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டும்போது டியூபில் உருண்டை நிற்கும் அளவு காற்று. வால்வை நுழைத்து, டியூபை உள்ளே அடக்கி, விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது, அதனால் அதைக் கடைசிக்கு வைப்பது. கடைசி ஒரு சாண் உள்ளங்கையால்தான். லிவர் போட்டால் இப்போதுதான் ஒட்டிய டியூபை அதுவே கடிக்கும். முடிந்ததும் வால்வை உள்ளே ஒருமுறை தள்ளிவிட்டு, 20 பிஎஸ்ஐ அடித்து, டயரின் ஓரக்கோடு ரிம்மை ஒட்டி ஒரே அளவாக ஓடுகிறதா என்று இரு பக்கமும் சுற்றிப் பார்த்த பிறகே மீதிக் காற்று. சின்னக் கைப்பம்பில் 60 ஏற 200 அடிக்கு மேல் பிடிக்கும். கையிலிருந்து டியூபுக்குப் போவதைவிட உடம்பிலிருந்து போவதுதான் அதிகம். உப்பு போட்ட மோர் இந்த இடத்தில்.

மே 4, பிற்பகல்

தேவனாம்பட்டினத்தில் நுங்கு. 9 மணிக்குள் திரும்பக் கிளம்பாவிட்டால் வெயிலில் மாட்ட வேண்டியதுதான். கடற்காற்று வந்ததும் போகலாம் என்றால் அது கிளம்பவே நண்பகல் ஆகிவிடும். தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு. இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஓட்டினால் ஓஆர்எஸ் ஒரு பாக்கெட், ஒரு லிட்டரில்.

ரோட்ஸ்டரின் முன்சக்கரமும் இறங்கியிருந்தது, ஆனால் பஞ்சர் இல்லை. டயரைக் கழற்றும் முன் வால்வு முனையில் எச்சில் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் குற்றம் வால் டியூபில். அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் பிசுபிசுத்து, ஊசியின் பக்கத்துளை மேல் பிளந்துவிடும். பழையதைச் சுரண்டி எடுத்து, இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி, எச்சில் தொட்டு, துளையைத் தாண்டி மேடு வரை ஏற்றினால் தீர்ந்தது. எண்ணெய் தொடக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

மே 5, திங்கள்

செயின் கவர் வண்டியின் பின்சக்கரத்தை வழியில் கழற்றுவது வீண் வேலை. ஊர்க் கடைகளில் செய்கிற மாதிரி, செயின் இல்லாத பக்கத்து விளிம்பை மட்டும் எடுத்து, வால்வைக் கழற்றாமல் டியூபை வெளியே உருவி, சக்கரம் வண்டியிலேயே இருக்க ஒட்டுப் போடலாம். வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது. அதற்கு டியூபை மாற்றியாக வேண்டும், சக்கரத்தையும் கழற்றியாக வேண்டும்.

பழைய டியூபில் வெட்டிய ஒட்டு 28 இஞ்சு டயருக்குத் தாராளமாக நிற்கும். 80, 90 பிஎஸ்ஐ அடிக்கும் மெல்லிய டயரில் அதன் தடித்த ஓரம் கிளம்பும்.

மே 7, புதன்

கியர் வண்டியின் முன்சக்கரம் இரவுக்குள் பாதி இறங்குகிறது. டியூபில் ஓட்டை ரிம் பக்கம். அப்படியானால் டயரில் முள் தேடிப் பயனில்லை. ரிம்மின் உள்ளே கம்பித் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் விலகி, ஒரு துளையின் விளிம்பு டியூபில் உரசியிருக்கிறது. டேப்பை நடுவுக்குத் தள்ளினாலும் நகர்கிறது.

டயரில் கண்ணாடி வெட்டு இருந்தால் உள்ளே டூத்பேஸ்ட் டியூபின் துண்டு வைக்கலாம். பான்லே பால் கவரை நாலாக மடித்து வைப்பதும் வீடுவரை வர உதவும், அவ்வளவுதான்.

மே 10, சனி

கடற்கரை மணலும் உப்புக்காற்றும் பட்ட செயினை உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய், பத்து நிமிடம் கழித்து மேல்பூச்சைத் துடைத்தெடுப்பு. வழியவிட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் போச்சு.

நாளை ஊசுட்டேரி. முன்சக்கரத்துக்குத் துணி ரிம் டேப் வாங்கி ஒட்டிவிட்டு, ராத்திரி காற்று நிற்கிறதா பார்க்க வேண்டும்.