காயத்தை மட்டும் பார்த்தால் போதாது

மறுசுழற்சித் தொழிலாளர்களுக்கான முகாம்களில் செவிலியராக வேலை பார்த்ததில் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. ரத்த அழுத்தம் பார்க்கும் முன்பே, "இப்போ என்ன சரக்கு பிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிடுவேன். பதிலைப் பொறுத்து நான் தேட வேண்டிய நோயே மாறும். கண்ணாடி என்றால் வெட்டுக்காயமும் டெட்டனஸ் ஊசியும். எலி நடமாடும் கிடங்கு என்றால் காய்ச்சலில் எலிக்காய்ச்சல் எனும் லெப்டோஸ்பைரோசிஸையும் சந்தேகிக்க வேண்டும். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவரின் இருமலைச் சளி என்று விட்டுவிட முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது ஊசிக்குத்து, அதாவது குப்பையோடு வரும் பயன்படுத்திய மருத்துவ ஊசி கையில் குத்துவது. "சின்ன ஊசிதான் சிஸ்டர், ரத்தத்தைப் பிழிஞ்சு விட்டுட்டேன்" என்று விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தார் ஒரு அம்மா. பிழியக் கூடாது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இந்த வழியில் தொற்றும் வாய்ப்பு இன்னும் பல மடங்கு அதிகம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வழக்கமாக 3 தவணை. கடைசித் தவணை முதல் ஊசி போட்டு 6 மாதம் கழித்து வருவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச்சொல்ல நமக்கு உரிமையில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு நாம்தான் கிடங்குக்குப் போக வேண்டும்.

கையுறை கொடுத்தால் கழற்றிவிடுகிறார்கள் என்று குறைப்படுவது சுலபம். எந்த பிளாஸ்டிக் எது என்று அவர்கள் விரல் நுனியிலும் கசக்கும் சத்தத்திலும் கண்டுபிடிக்கிறார்கள். தடித்த கையுறை அந்தத் திறமையையே மறைத்துவிடுகிறது. அதனால் மூட்டைக்குள் கையை விடாமல், மேசையில் கொட்டி, கொக்கியால் கிளறிய பிறகு கைவைக்கச் சொல்கிறேன். அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

பேட்டரி உடைப்பவர் வீட்டில் நிலைமை வேறு. பேட்டரியில் உள்ள நச்சு ஈயம் தூசியாகச் சட்டையிலும் செருப்பிலும் ஏறி வீட்டுக்கு வருகிறது. தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு வரை குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல அளவே கிடையாது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்து குறைந்த குழந்தை இன்னும் அதிகம் உறிஞ்சும் என்பதால், சோகையைச் சரிசெய்வதையும் ஈயத் தடுப்பாகவே பார்க்கிறேன். வேலையை விட்டுப் பல வருடம் ஆன பெண்ணின் எலும்பில் தங்கிய ஈயமும் கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் இறங்கிக் கருவைச் சேரும்.

வீட்டைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கலாம், அதைக் குடும்பத்தாரே செய்துவிடுவார்கள். குளித்து உடை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னால், "எங்கே குளிக்கிறது சிஸ்டர்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. குழாயும் உடை மாற்ற மறைவிடமும் கிடங்கு முதலாளி செய்துதர வேண்டியவை. அவரிடம் போய்ப் பேசுவதையும் செவிலியர் வேலையாகத்தான் நினைக்கிறேன்.