தையல் பிரித்த மறுநாள்

மதுரையை அடுத்த கப்பலூர், திருமங்கலம் பக்கத்து நூற்பாலைகளில் கையில் அடிபட்டவர் திரும்ப வேலைக்கு வரும் நாள், பெரும்பாலும் தையல் பிரித்த மறுநாள்தான். கட்டு இல்லை, புண் ஆறிவிட்டது; மேஸ்திரி பார்வைக்குக் கை சரியாகிவிட்டது. ஆனால் விரலை மடக்கும் தசைநார் அறுந்து, அதைத் தைத்திருந்தால் கணக்கே வேறு. தோல் இரண்டு வாரத்தில் கூடிவிடும். உள்ளே நார் பலப்பட ஏறக்குறைய 12 வாரம் வேண்டும். லேசான வேலைக்கே 6 முதல் 8 வாரம். இடையில் ஒருநாள் ஆள் குறைவென்று, பாபின் (நூல் சுற்றிய குழல்) நிரம்பிய பெட்டியை "ஒரு கை பிடிப்பா" என்று சொல்லிவிட்டால் தைத்த நார் மறுபடி அறுந்துபோகும். இரண்டாவது அறுவைக்குப் பின் விரல் முன்போல மடங்குவது அரிது. வேலை நிரந்தரமாகப் போவது பல நேரம் முதல் விபத்தால் அல்ல, இந்த அவசரத்தால்.

இதற்கு மேஸ்திரியை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது 'பிட்' (வேலைக்குத் தகுதி) என்று ஒற்றைச் சொல் எழுதிய சான்றிதழ். எழுதிய டாக்டருக்கும் நூல் முறுக்கும் இயந்திரமான ரிங் பிரேமில், அதைப் பார்த்துக்கொள்ளும் சைடர் என்ன செய்வார் என்று தெரிய வழியில்லை. ஆகவே ஆலையிலிருந்து ஒரு பக்கத் தாள் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு ஷிப்டில் எத்தனை மணி நேரம் நிற்கிறார், எவ்வளவு நடக்கிறார், எத்தனை கிலோவை எத்தனை முறை தூக்குகிறார், தோளுக்கு மேல் கை போகுமா, விரல்நுனியால் கிள்ளிப் பிடிக்கும் வேலை உண்டா, இரவு ஷிப்ட் உண்டா, பஞ்சுத் தூசி எவ்வளவு. தராசும் கடிகாரமும் வைத்து ஒரு ஷிப்ட் கூடவே நின்று எழுத வேண்டும். குத்துமதிப்பாக எழுதினால் தாளுக்கு மதிப்பில்லை. அப்படிப் போன தாளுக்குத்தான் "5 கிலோவுக்கு மேல் வேண்டாம், நான்கு வாரம் கழித்துக் காட்டவும்" என்று பதில் வரும்.

பிறகு வேலையைப் பிரித்துப் பார்க்கலாம். தோளில் அடிபட்ட சைடரால் மேலே ரோவிங் (நூலாகுமுன் உள்ள பஞ்சுத் திரி) மாற்ற முடியாது. இழை ஒட்ட முடியும். ரோவிங்கைப் பக்கத்து சைடுக்காரர் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விரல் போனவருக்கு நேர்மாறு: சுழலும் ஸ்பிண்டில் (நூல் சுற்றும் தண்டு) அருகே இழை ஒட்டுவது ஆபத்து; கோன் (கூம்பில் சுற்றிய நூல்) சோதனை, எடைப் பதிவு, லேபிள் ஒட்டுதல் முடியும். முதுகுவலிக்காரரை நூல் மூட்டை அடுக்கும் இடத்திலிருந்து மட்டும் விலக்கினால் போதும்.

இப்படிக் காயம் ஆறும்வரை தரும் லேசான வேலை, அதாவது 'லைட் டூட்டி', கெட்டுப்போவது இரண்டு விதத்தில். ஒன்று, கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவது. நான்கு நாளில் அந்த மனிதருக்கே தான் வேண்டாதவர் என்று தோன்றிவிடுகிறது. இன்னொன்று, டாஃபிங் (நிரம்பிய பாபின்களைக் கழற்றி மாற்றுவது) மாதிரி கூட்டு இன்சென்டிவ் உள்ள வேலை. ஒருவர் மெதுவாக இருந்தால் குழுவுக்கே காசு குறைகிறது. கூட வேலை செய்பவர்கள் முகம் திருப்புவது கெட்ட மனத்தால் அல்ல. லைட் டூட்டி முடியும்வரை அவரைக் குழுக் கணக்கில் சேர்க்காமல் கூடுதல் ஆளாகப் போட்டால் இந்தக் கசப்பே வராது. அது முடியும் தேதியையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

பணக் கணக்கு தெரியாமல் வரும் கேடு தனி. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் பட்ட காயத்துக்கு 90 சதவீதம், 91 நாள் வரம்பும் கிடையாது. தினக்கூலி 600 ரூபாய் என்றால் 420க்கும் 540க்கும் உள்ள வித்தியாசம். வேலைக்கு வரும் வழியில், வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்தும் 2010 முதல் இதில் சேரும். உசிலம்பட்டியிலிருந்து பைக்கில் வந்து விழுந்தவரைச் சாதாரண நோய் என்று எழுதவிட்டால், கால் எலும்பு கூடுவதற்குள் 91 நாள் தீர்ந்துவிடலாம். விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதி, அறிக்கையையும் உடனே அனுப்புவது அதற்காகத்தான்.

இன்னொரு முடிச்சு: சம்பளம் வாங்கும் நாளுக்கு காயத்துக்கான இந்த 90 சதவீதத் தற்காலிக உதவித்தொகை கிடையாது. "அரை நாள் வாங்க, அரைச் சம்பளம் தர்றோம்" என்று அழைத்தால், வீட்டில் இருந்தால் 540 வரும் மனிதர் 300க்கு வர வேண்டும். அவர் வராததைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். முழுச் சம்பளத்தில் குறைந்த வேலை கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நிரந்தர ஊனத்துக்கான மாதத்தொகை அப்படியல்ல. வேலைக்குப் போனாலும் அது நிற்காது. நின்றுவிடும் என்று பயந்தே வீட்டில் முடங்கியவர்கள் இருக்கிறார்கள்.

காசநோய்க்காரருக்கு மருந்து வழக்கமாக ஆறு மாதம். இஎஸ்ஐயின் நீண்டகால நோய்ப் பட்டியலில் அது இருப்பதால், தகுதி இருந்தால் 80 சதவீதம் கிடைக்கும். திரும்பும்போது பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், கார்டிங் பகுதிகளின் தூசியில் விட வேண்டாம். கேன்டீனில் அவருக்கென்று தனி டம்ளர் வைப்பதையும் நிறுத்த வேண்டும்; டம்ளரால் காசநோய் பரவுவதில்லை.

அரசு வேலை என்றால் சட்டமே துணை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். பார்வை குறைந்த அரசு பஸ் டிரைவருக்கும் இது பொருந்தும். தனியார் ஆலைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஒப்பந்தத் தொழிலாளி நிலை இன்னும் மோசம்: யாரும் நீக்குவதில்லை, கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் முதல் வாரத்திலேயே யாராவது தத்தனேரி இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போய், "அண்ணே, உங்க இடம் அப்படியே இருக்கு, கை ஆறட்டும்" என்று சொல்வது மருந்தளவுக்கு முக்கியம்.

கருவியை மாற்றுவதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கைக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். ஆலையில் தேவைப்படுவது அதைவிட எளியது: மெல்லிய கைப்பிடியில் சைக்கிள் கிரிப்பை மாட்டித் தடிமனாக்குவது, கோன் சோதிக்கும் மேசையை முழங்கை உயரத்துக்கு ஏற்றுவது, நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு. ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டருக்கு அரைநாள் வேலை.