டிரெய்லரில் ஏறும் பாய்ப்படகு: டிசைன் புராஜெக்ட்டுக்கும் வைவாவுக்கும் ஒரு வழிகாட்டல்

ஹல் (படகின் உடற்கூடு) கோடுகளில் கை வைக்கும் முன் இழுக்கும் காரின் கையேட்டைத் திறங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு அது எத்தனை கிலோ அனுமதிக்கிறது என்பதுதான் இந்தப் படகின் முதல் எண். அடுத்தது சாலை அகலம்: ஐரோப்பாவில் 2.55 மீட்டர், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 2.59 மீட்டர். அழகான வரைபடத்தை முடித்துவிட்டு எடையை அதற்குள் திணிக்கப் பார்ப்பவர்கள் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் திருப்பி வரைய நேர்கிறது.

கார் 1,500 கிலோ இழுக்கும் என்று வைப்போம். டிரெய்லருக்கு 380 போனால் மிச்சம் 1,120. பாய்மரம், பூம் (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கட்டை), கம்பிகள், பாய்கள் 70. அவுட்போர்டு மோட்டாரும் பெட்ரோலும் 40. நங்கூரம், சங்கிலி, கயிறுகள் 30. பேட்டரியும் வயரிங்கும் 25. மெத்தை, அடுப்பு, பாத்திரம், பைகள் 60. ஆக 225 கழிகிறது. எஞ்சிய 895இல் கட்டுமானத்தில் ஏறும் எடைக்கு 10 சதவீதம் ஒதுக்கினால் ஹல், டெக், உள்வேலை, பாலஸ்ட் (படகை நிமிர்த்தி வைக்கும் அடிச்சுமை) எல்லாம் சேர்ந்து சுமார் 810 கிலோதான். அதில் 250 பாலஸ்ட் என்றால், கட்ட மிஞ்சுவது 560. இந்த அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் எடையோடு நீளவாட்டு, உயரவாட்டுத் தூரங்களும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் ஈர்ப்பு மையம் கிடைக்காது. ஈர்ப்பு மையம் இல்லாமல் நிலைப்புக் கணக்கே கிடையாது.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல படகு கேட்டலினா 22. ஃபிராங்க் பட்லர் 1969இல் கொண்டுவந்தது. 15,000க்கு மேல் கட்டப்பட்டது. நீளம் 6.55 மீட்டர், நீர்க்கோட்டு நீளம் 5.89, அகலம் 2.34. ஸ்விங் கீல் (படகின் அடியில் இறங்கும், மேலே மடக்கக்கூடிய கனத் தகடு) வகையின் எடை சுமார் 1,020 கிலோ, அதில் பாலஸ்ட் 250. பாய்ப்பரப்பு 19.7 சதுர மீட்டர். இந்த எடையில் பாய்ப்பரப்பு–டிஸ்ப்ளேஸ்மென்ட் விகிதம் (படகின் எடைக்குப் பாய் எவ்வளவு என்பதன் அளவு) ஏறக்குறைய 19.8 வரும், படகு துள்ளி ஓடும் என்று தோன்றும். நான்கு பேர், தண்ணீர், உணவு, சாமான்கள் எல்லாம் ஏறி 1,470 கிலோ ஆனால் அதே விகிதம் 15.5க்கு இறங்கிவிடும். நீர்க்கோட்டுப் பரப்பு 7.8 சதுர மீட்டர் அளவில் இருக்கும் படகு 8 கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் அமிழும். 450 கிலோ கூடினால் ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல். ஆள்களோ காக்பிட்டில், பின்பக்கம் உட்காருகிறார்கள். டிரான்சம் (படகின் பின்சுவர்) தண்ணீரில் இழுபட்டு வேகத்தைத் தின்னும். அதனால் காலிப் படகு, முழுச் சுமை என்று இரண்டு நிலைகளிலும் கணக்குக் காட்டுங்கள்.

பாலஸ்ட் பற்றிய கேள்வி வைவாவில் கட்டாயம் வரும். வார்ப்பிரும்பு ஸ்விங் கீலைத் தேர்ந்தால், இறக்கிய நிலையில் பூட்ட ஒரு வழி வரைபடத்தில் இருக்க வேண்டும். பூட்டாத கீல், படகு 90 பாகைக்கு மேல் சாயும்போது உறைக்குள் திரும்ப விழும். நிமிர்த்த வேண்டிய எடை தேவைப்படும் நேரத்தில் இல்லாமல் போகும். கீல் சுழலும் பின் போகும் பிவட் துளை தேய்ந்து நீள்வட்டமானால் நங்கூரமிட்ட இரவெல்லாம் கீல் 'டொக் டொக்' என்று இடிக்கும். டிரெய்லரில் நிற்கும்போது அந்த பின்னை எப்படிக் கழற்றுவது என்பதையும் யோசித்து வையுங்கள்; கீல் டிரெய்லர் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

மேக்ரிகர் 26 போல நீர் பாலஸ்ட் வைத்தால் சாலையில் எடை குறையும், அது பெரிய லாபம். ஆனால் இரும்பைவிடத் தண்ணீருக்கு ஏழு மடங்கு இடம் வேண்டும். அத்தனை கீழே இறக்கவும் முடியாது. தொட்டி முழுதும் நிரம்பாவிட்டால் ஆபத்து. 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள செவ்வகத் தொட்டி அரைகுறையாக நின்றால், அமிழ்ந்த கன அளவு 1.43 கனமீட்டரான படகில் மெட்டாசென்டர் உயரம் (படகின் நிலைப்பைக் காட்டும் அளவு) 20 சென்டிமீட்டர் குறையும். நடுவே நீளவாட்டில் ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு நான்கில் ஒன்று, 5 சென்டிமீட்டர். காற்றுத் துளையைத் தொட்டியின் மிக உயர்ந்த புள்ளியில் வையுங்கள், காற்று சிக்கினால் தொட்டி நிரம்பாது.

சிறு படகுகளின் நிலைப்புக்கான தரம் ஐஎஸ்ஓ 12217. அதில் பாய்ப்படகின் ஹல் நீளம் 6 மீட்டரோ அதற்கு மேலோ என்றால் பகுதி 2, குறைவு என்றால் பகுதி 3. கழற்றக்கூடிய சுக்கானும் மோட்டாரும் ஹல் நீளத்தில் சேராது.

பாய்மரத்தைத் தூக்கும் கணக்கை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அது போதாது. 8 மீட்டர் மரம், 25 கிலோ, ஈர்ப்பு மையம் நடுவில்: படுத்த நிலையில் திருப்புத்திறன் 100 கிலோ-மீட்டர். 2 மீட்டர் ஜின் போல் (மரத்தைத் தூக்க நிறுத்தும் துணைக்கம்பம்), கயிறு போகும் படகின் முன்முனை 2.5 மீட்டர் தள்ளி. போலின் நீளத்தையே கையாக எடுத்து 50 கிலோ என்று எழுதினால் தவறு. கயிறு சாய்வாகப் போவதால் செங்குத்துத் தூரம் 1.56 மீட்டர்தான், இழுவிசை 64 கிலோ. நான்கு மடங்குக் கப்பியில் 16, உராய்வோடு 20ஐத் தாண்டும். மரம் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் கம்பிகளின் கீழ்முனை பிவட் அச்சின் நேர்கோட்டில் அமைய வேண்டும். இல்லையென்றால் பாதி வழியில் ஒன்று தொய்ந்து மற்றது விறைக்கும்.

இறக்குதளத்தின் சரிவு 1:8 என்றால், தண்ணீரில் 0.6 மீட்டர் அமிழும் படகுக்கு டிரெய்லர் உயரம் 0.3 சேர்த்து 0.9 மீட்டர் தண்ணீர் வேண்டும், கரையிலிருந்து 7.2 மீட்டர் உள்ளே போக வேண்டும். காரின் பின்சக்கரம் நனைகிறதா என்று இழுகம்பியின் நீளத்தோடு வரைந்து காட்டுங்கள்.

கொக்கியில் இறங்கும் எடையும் அட்டவணையில் வரட்டும். அச்சிலிருந்து கொக்கி 5 மீட்டர், மொத்தம் 1,500 கிலோ, ஈர்ப்பு மையம் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் என்றால் 75 கிலோ. அச்சுக்கு 3 மீட்டர் பின்னால் டிரான்சமில் 30 கிலோ மோட்டாரைக் கூடுதலாக மாட்டினால் அது 57 ஆகும், டிரெய்லர் ஆடத் தொடங்கும். மோட்டாரைக் காரின் டிக்கியில் ஏற்றுவதாகக் கொண்டால், அட்டவணையில் அந்த வரியையும் அங்கே மாற்றுங்கள்.