அணைத்தாலும் அணையாத கணினி

கணினி மக்கர் செய்தால் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் "ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க" என்பதுதான். பல நேரம் பலிக்கும். பலிக்காமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது தெரியாமல் ராத்திரி அணைத்து, காலையில் போட்டு, அதே கோளாறு அப்படியே நிற்பதைப் பார்த்து, சரி போச்சு, மதர்போர்டே போயிடுச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

விஷயம் இதுதான். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு, பெரும்பாலான கணினிகளில் வாங்கும்போதே ஆனில்தான் இருக்கும். ஷட் டவுனை அழுத்தினால் நாம் திறந்து வைத்தவை மூடப்படும், நம் கணக்கிலிருந்தும் வெளியேறிவிடும், அதுவரை சரி. ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், வைஃபை மாதிரி ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் டிரைவர்களும் நினைவகத்தில் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டுதான் அது அணைகிறது. காலையில் அந்தக் கோப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நேற்று குழம்பிப்போன வைஃபை டிரைவர் இன்றைக்கும் அதே குழப்பத்தோடு எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏறும். அதாவது சும்மா திரும்பப் போடுவது போலத் தெரியும் ரீஸ்டார்ட்தான் இங்கே முழுக்குளியல், ஷட் டவுன் முகம் கழுவுவது.

நம்பிக்கை வரவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியுவைக் கிளிக் செய்து பாருங்கள். கீழே அப்டைம், அதாவது கணினி தொடர்ந்து ஓடும் நேரம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் தவறாமல் அணைக்கிறவர் கணினியிலும் அது நாள்கணக்கில் ஏறி நிற்கும், ரீஸ்டார்ட் கொடுத்த பிறகுதான் சுழியத்துக்கு வரும். உண்மையிலேயே முழுசாக அணைய வேண்டும் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனை அழுத்த வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் கணினி ஏறுவதற்குள் பொறுமை போய்விடும், அதனால் இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. செய், ஆனால் சொல்லிவிட்டுச் செய் என்கிறேன். கணினியோடு நமக்கு வரும் எரிச்சலில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்று நினைக்கிறேன், உள்ளே நடப்பது ஒன்று, திரை சொல்வது வேறு.

கோப்பு நகலெடுக்கும்போது ஓடும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெரிய வீடியோ சரசரவென்று போகும். அதே அளவுக்குப் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள ஃபோல்டர் ஆமை வேகத்தில் நகரும். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகத் திறக்க வேண்டும், பெயரும் தேதியும் பதிய வேண்டும், நடுவில் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்கும், அப்புறம் மூட வேண்டும். மீதி நேரத்தைச் சமீபத்திய வேகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது என்பதால், பொடிக் கோப்புகள் வரிசைக்கு வந்ததும் இரண்டு நிமிடம் என்றது இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. இனிமேல் வரப்போகும் வேகம் அதற்கும் தெரியாது, போகட்டும், மன்னித்துவிடலாம். (ஃபோல்டரை முதலில் ஜிப் ஆக்கி, அதாவது ஒரே கோப்பாகக் கட்டிவிட்டு அனுப்பினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.)

மன்னிக்க முடியாதது நூறு சதவீதம் காட்டிவிட்டு அசையாமல் நிற்பது. லினக்ஸில் பென்டிரைவுக்கு நகலெடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பட்டை கண்மூடித் திறப்பதற்குள் முடிவுக்குப் போய்விடும், சாளரம் மட்டும் மூடாது. கோப்பு அதற்குள் போய்ச் சேர்ந்த இடம் நினைவகம்தான், பென்டிரைவில் எழுதுவது பின்னால் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால் கோப்பு அரைகுறைதான். விண்டோஸில் 2018-க்குப் பிறகு பென்டிரைவுக்கு இப்படிச் சேர்த்து வைத்து எழுதும் வழக்கத்தை இயல்பாகவே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் விளக்கு மின்னும்போது நான் பிடுங்குவதில்லை. ஒன்று சொல்ல வேண்டும், பட்டையே இல்லாமல் இருப்பதைவிட ஏதோ ஒரு பட்டை ஓடுவதுதான் மக்களுக்குப் பிடிக்கிறது என்று கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். வேலையை வேகப்படுத்துவது அதன் தொழில் இல்லை, நம்மை உட்கார வைப்பதுதான்.

ஒரு டெராபைட் டிஸ்க் வாங்கி மாட்டினால் 931 ஜிபிதான் காட்டுகிறது என்று இன்றைக்கும் யாராவது கோபப்படுகிறார்கள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஒரு லட்சம் கோடி பைட் கொடுக்கிறார், விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுக்கிறது. மேக்கில் 2009-லிருந்து ஆயிரக் கணக்குதான், அங்கே அதே டிஸ்க் முழுசாகத் தெரியும்.

சும்மா இருக்கும்போது ஒரு வேடிக்கை பாருங்கள். விண்டோஸில் சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் போட்டு ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைக்கப் பாருங்கள். முடியாது, இந்தச் சாதனப் பெயர் செல்லாது என்கிற மாதிரி ஒரு பதில் வரும். ஃபோல்டருக்கும் சாதனத்துக்கும் என்ன சம்பந்தம்? விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் இயங்குதளம் 1981-ல் முதலில் வந்தபோது அதில் ஃபோல்டரே கிடையாது, அந்தப் பெயர் விசைப்பலகையையும் திரையையும் சேர்த்துக் குறித்தது. 1983-ல் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தபோது பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்று எல்லா ஃபோல்டருக்குள்ளும் அந்தப் பெயரை ஒதுக்கி வைத்தார்கள், அது இன்னும் ஒதுங்கியே இருக்கிறது. சரி, இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நஷ்டம் பிழைச் செய்திகளில்தான். அப்டேட் பாதியில் நிற்கும், "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று கையை விரிக்கும், பக்கத்தில் சுழியமும் எக்ஸும் போட்டு 80070070 மாதிரி ஒரு நீண்ட எண். அந்த எண்ணை நாம் குப்பை என்று ஒதுக்குகிறோம், உண்மையில் உபயோகமான ஒரே தகவல் அதில்தான் இருக்கிறது. 8007 என்று தொடங்கினால் கடைசி நான்கு இலக்கங்கள்தான் விண்டோஸின் பழைய பிழை எண், ஆனால் பதினாறின் கணக்கில் எழுதியது. 0070 என்றால் ஏழு பதினாறு, 112. கால்குலேட்டரைப் புரோகிராமர் முறைக்கு மாற்றினால் அதுவே மாற்றிக் கொடுக்கும். அப்புறம் கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நெட் என்று தட்டி, இடைவெளி விட்டு ஹெல்ப்எம்எஸ்ஜி, மறுபடி இடைவெளி, 112 என்று கொடுத்து என்டர் அழுத்துங்கள். டிஸ்கில் போதுமான இடம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வரும். 0005 என்றால் அனுமதி இல்லை, 0002 என்றால் தேடிய கோப்பு கிடைக்கவில்லை. இந்த வாக்கியங்கள் எல்லாம் விண்டோஸுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டவை. முதல் பெட்டியிலேயே அந்த ஒரு வரியைக் காட்டியிருந்தால், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய வீடியோக்களை அழித்துவிட்டு அப்போதே வேலையைப் பார்க்கப் போயிருப்போம்.