பதுவைச் சந்தையில் ஒரு கருங்கல்

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்றால் புனித அந்தோனியாருக்கான நவநாள் செபம். அம்மாவுக்கு அவர் எப்போதும் 'கோடி அற்புதர்'. இத்தாலியில் அவர் ஊரான பதுவைக்கு நான் போய்ச் சேர்ந்ததும் ஒரு செவ்வாய்தான். 1231 ஜூன் 17, அவரை அடக்கம் செய்த நாளும் செவ்வாய்.

அவர் கல்லறை இருக்கும் பேராலயத்துக்குப் போகும் முன் எர்பே சதுக்கத்துச் சந்தைக்குள் நுழைந்தேன். கருஞ்சிவப்பு ராதிக்கியோ கீரை பெட்டி பெட்டியாக இருந்தது. பக்கத்திலேயே பழைய நீதிமன்றமான ராஜோனே மாளிகை. கீழே பாலாடைக்கட்டிக் கடைகளும் இறைச்சிக் கடைகளும். மேலே கப்பலைக் கவிழ்த்து வைத்தது போன்ற மரக்கூரையின் கீழ் ஒரே பெரிய கூடம்.

அங்கே ஒரு மூலையில் முக்காலி உயரத்தில் ஒரு கருங்கல். அவமானக் கல் என்பார்கள். கடனை அடைக்க வழியில்லாதவர் ஊரார் முன்னால் உள்ளாடையோடு மூன்று முறை அதில் உட்கார்ந்து, "என் உடைமைகளை விட்டுவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஊரைவிட்டே போய்விட வேண்டும். கேட்கவே மனம் பதறுகிறது. ஆனால் அதற்கு முன்பு கடன்பட்டவருக்குச் சிறைதான். சொத்தை ஒப்படைத்தவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1231 மார்ச்சில் நகரம் சட்டம் போட்டது. சகோதரர் அந்தோனியார் கேட்டுக்கொண்டதால் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்று மாதத்தில், ஜூன் 13 அன்று, அவர் இறந்துபோனார்.

வட்டிக்காரர் வாசலில் நின்று கத்தியபோது அப்பா கதவுக்குப் பின்னால் நின்றது நினைவுக்கு வந்தது. அன்று அம்மா ஏன் அந்தோனியார் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார் என்பது அந்தக் கல்லின் அருகில்தான் எனக்குப் புரிந்தது.

சந்தையிலிருந்து பேராலயம் நடக்கிற தூரம்தான். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது அழியாமல் இருந்த அவருடைய நாவை, திருப்பண்டச் சிற்றாலயத்தில் பொற்பேழைக்குள் பார்த்தேன். வட்டிக்கு எதிராகப் பேசிய நாவு! கல்லறையைச் சுற்றிலும் பளிங்குச் சிற்பங்கள். ஒன்றில், இறந்துபோன கஞ்சனின் மார்பைத் திறந்து பார்க்கிறார்கள், இதயம் இல்லை. அது அவன் பணப்பெட்டியில் கிடந்தது என்பது கதை.

கல்லறையின் பின்புறப் பச்சைப் பளிங்கில் கை வைக்க வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற பாட்டி இரண்டு கைகளையும் பதித்து, நெற்றியையும் சாய்த்துக்கொண்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. என் முறை வந்தது. பல நூறு ஆண்டுகளாகக் கைகள் பட்டு வழுவழுத்த கல், சில்லென்று இருந்தது. அம்மா எழுதித் தந்த மன்றாட்டுச் சீட்டை உள்ளங்கைக்கும் கல்லுக்கும் நடுவே வைத்து அழுத்திக்கொண்டேன்.