ஒரு ஸ்கீ முடிந்தது, இன்னொன்று பாக்கி

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, பனிச்சறுக்குக்கான ஸ்கீ பூட்டின் (ஷூவின்) குதிகாலை அழுத்தியதும் 'டக்'கென்று பைண்டிங் (பூட்டை ஸ்கீ பலகையோடு பிடித்து வைக்கும் கருவி) பிடித்துக்கொண்டது. ஒரு மாதமாகக் காத்திருந்த சத்தம். பெரம்பூர் வீட்டு ஹாலில், ஃபேனுக்குக் கீழே, அதைக் கேட்பதற்காகவே நாலைந்து தடவை கழற்றி மாட்டினேன்.

முதலில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் பைண்டிங் வீணாகப் போனது. "டின் 16 வரைக்கும் போகும் சார், ஆயுசுக்கும் உழைக்கும்" என்றார் விற்றவர். டின் என்பது, விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்டை விடுவிக்கும் என்பதைக் குறிக்கும் எண். அந்த பைண்டிங்கில் அது 6-இல் தொடங்குகிறது. 74 கிலோ எடை, 172 செ.மீ. உயரம், 315 மி.மீ. நீள பூட் சோல் (அடிப்பாகம்), நடுத்தர வேகம்: இந்த எண்ணைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 11088 அட்டவணைப்படி எனக்கு வருவதே 6தான். நமக்கு வேண்டிய எண், ஸ்பிரிங்கின் அடிமட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பெரிய எண்ணைப் பார்த்து மயங்கியது என் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு, சோலைப் பார்க்காதது. என் பூட்டின் சோல் கிரிப்வாக் என்ற வகை. ரப்பர் அடி, முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த பைண்டிங்கோ தட்டையான ஐஎஸ்ஓ 5355 சோலுக்கு மட்டுமே ஆனது. நல்ல வேளை, ஸ்கீயில் துளை போடும் முன் ஒரு பிளைவுட் பலகையில் பொருத்திப் பார்த்தேன். பூட் உள்ளே போனது, ஆனால் கையால் பக்கவாட்டில் திருகினால் அசையவே இல்லை. விழும்போது பூட் வழுக்கி வெளியே வந்தால்தான் கால் எலும்பு தப்பும்.

சரி என்று புதிதாக மார்க்கர் கிரிஃபன் 13 ஐடி வாங்கினேன். டின் 4 முதல் 13 வரை. என் ஸ்கீயின் இடுப்பு (நடுப்பகுதியின் அகலம்) 88 மி.மீ., அதனால் பிரேக் (பூட் கழன்றால் ஸ்கீயை நிறுத்தும் கம்பிகள்) 90 மி.மீ. முக்கியமாக, பூட்டின் முன்பகுதி உட்காரும் தட்டை ஒரு திருகால் ஏற்றி இறக்கலாம். கிரிப்வாக்குக்குத் தேவையானது அதுதான். சோலுக்கும் தட்டுக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி வேண்டும். காலண்டர் தாள் ரொம்ப மெல்லிசு. வீட்டிலிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை வெர்னியரில் அளந்தேன், சரியாக 0.5. அதை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி உள்ளே விட்டு, கால் சுற்று திருகி, இழுத்துப் பார்த்து, மறுபடி திருகி... இதற்கே இரண்டு மணி நேரம். கிழியாமல், லேசான பிடிப்போடு அட்டை வெளியே வந்தபோதுதான் திருப்தி. அப்புறம் முன்னழுத்தம், அதாவது பைண்டிங்கின் பின்பகுதி பூட்டை முன்னோக்கி அழுத்தும் விசை: பூட் மாட்டிய நிலையில், பின்பக்கத் திருகின் தலை கூட்டோடு சமமாக இருக்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை.

ஸ்க்ரூடிரைவர் விஷயம் ஒன்று. பாரிமுனையில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுத்து நீட்டினார்கள். ஸ்கீ திருகுக்கு அது ஆகாது, தலையைத் தேய்த்துவிடும். வேண்டியது போசிட்ரிவ் 3. கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். ஐந்தாவது கடையில், டப்பாவின் அடியில் கிடைத்தது. என் ஸ்கீயில் டைட்டனல் என்ற அலுமினியக் கலவைத் தகடு இருப்பதால் டிரில் பிட் 4.1 மி.மீ., ஆழம் 9. ஆழம் தாண்டாமல் இருக்க பிட்டைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டேன்.

இரண்டாவது ஸ்கீ ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ஸ்கீயின் எஃகு விளிம்புகளில் எண்ணெய் தடவ வேண்டும். இந்தக் கடல் காற்றுக்கு ஒரே வாரத்தில் துரு பூக்கிறது. ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க். போனதும் டார்க் டெஸ்டர் (திருகு விசையை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஒரு டெக்னீஷியனிடம் காட்டி, பூட் எந்த விசையில் விடுபடுகிறது என்று அளந்து பார்த்த பிறகே சரிவில் இறங்குவேன். 50 வயதானால் அட்டவணையில் ஒரு வரி குறைக்கச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அப்போதும் இந்த 4 முதல் 13 போதும், மாற்ற வேண்டியிருக்காது.