ஐந்தாம் அதிகாரம் வரும் வாரம்

பிப்ரவரி 5, 2024

எங்கள் மார்மன் சபையின் இந்த வாரப் பாடத்தில், எங்கள் வேதமான மார்மன் நூலிலுள்ள இரண்டாம் நேபி புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரமும் வருகிறது. அதன் இருபத்தோராம் வசனத்தை மகளுக்கு எப்படி வாசித்துக் காட்டுவது என்ற கவலையிலேயே பகல் கழிந்தது. நேபியின் மக்களை எதிர்த்த லாமானியர்மேல் கர்த்தர் கருந்தோலை வரப்பண்ணினார் என்கிறது வசனம். தம் மக்களின் கண்ணுக்கு அவர்கள் அழகாகத் தெரியக் கூடாது என்று காரணமும் சொல்கிறது. மார்ச்சில் அவளுக்கு எட்டு வயது நிறைகிறது. ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடை தைக்கக் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 6

மார்மன் நூலின் இரண்டு பிரதிகளை மேசைமேல் அருகருகே விரித்து வைத்துப் பார்த்தேன். 1981 பதிப்பில் அதிகாரத்தின் தலைக்குறிப்பு, லாமானியர் கருந்தோலைப் பெற்றதாகச் சொல்கிறது. 2013 பதிப்பில் அந்தச் சொற்கள் இல்லை. ஆனால் சில விரற்கடை கீழே வசனம் எழுத்து மாறாமல் நிற்கிறது. குறிப்பு மனிதர் எழுதியது, வசனம் தேவவாக்கு என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. எனினும் குழந்தை மனப்பாடம் செய்வது வசனத்தைத்தானே.

பிப்ரவரி 7

இந்த வசனத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஆயரிடமிருந்து பதில் இல்லை.

பிப்ரவரி 8

ஜேன் மேனிங் ஜேம்ஸை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கனெக்டிகட்டில் பிறந்த கறுப்பினப் பெண். 1843இல் குடும்பத்தாரோடு இல்லினாயில் எங்கள் சபையார் குடியேறியிருந்த நாவூவுக்குப் புறப்பட்டவர், பஃபலோவில் படகேற மறுக்கப்பட்டதால், கால் வெடித்து இரத்தத் தடம் பதிய நடந்தே போய்ச் சேர்ந்தார். யூட்டாவுக்கு வந்த பிறகு, ஆலயச் சடங்குகளைத் தனக்கும் அருளும்படி ஆண்டுக்கணக்காக விண்ணப்பித்தார். 1894இல் அவருக்குக் கிடைத்தது, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்தோடு நித்தியப் பணியாளாக இணைக்கும் சடங்கு மட்டுமே. அதையும் அவர் சார்பில் வேறொருவர்தான் நின்று நிறைவேற்றினார். 1908இல் அவர் இறக்கும்வரை விசுவாசம் குன்றவில்லை. எலைஜா ஏபெல் என்னும் கறுப்பினத்தவருக்கு 1836இலேயே ஆசாரியத்துவம் வழங்கிய சபை, கறுப்பினத்தவருக்கு அது கிடையாது என்று 1852இல் அன்றைய தலைவர் பிரிகாம் யங் அறிவித்த தடையை 1978 வரை கட்டிக் காத்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கொதிக்கிறது.

பிப்ரவரி 9

கருந்தோல் சாபத்தின் அடையாளம் என்ற கொள்கைகளைச் சபை 2013 கட்டுரையில் கைவிட்டது. தடையே தவறு என்று அதில் நேராகச் சொல்லவில்லை. 2020 பாடநூலின் அச்சுப் பிரதியில் பழைய விளக்கம் மீண்டும் தலைகாட்டியது. கைவிட்டதாகச் சொன்ன ஒன்று எப்படித் திரும்பி வந்தது? தவறு என்று உரக்கச் சொல்லாததால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் டச்சுச் சீர்திருத்தச் சபை பாபேல் கோபுரக் கதையைக் காட்டி இனப் பிரிவினையை நியாயப்படுத்தியது. அதன் நிழலில் வாழ்ந்த கலப்பினத்தவரின் சபை 1982இல் பெல்ஹார் அறிக்கையை வரைந்து, பிரிவினைக்கு வேதத்தில் இடமில்லை என்று விசுவாசப் பிரமாணமாகவே அறிக்கையிட்டது. 1990இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் டச்சுச் சீர்திருத்தச் சபையின் இறையியலாளர் வில்லி யோங்கர் எழுந்து, தன் பாவம் என்றும் தன் சபையின் பாவம் என்றும் சொல்லி மன்னிப்பு வேண்டினார். எங்கள் சபையிலும் ஒருவர் அப்படி எழுந்து நிற்பதைக் காண ஏங்குகிறேன்.

பிப்ரவரி 10

நோவாவின் சாபம் விழுந்தது கானான்மேல். ஆதியாகமத்தின் அந்த அதிகாரத்தில் தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைக் கொண்டு எத்தனை நூற்றாண்டுகள் மனிதரை விற்றார்கள்!

இரவு

ஆயர் அழைத்தார். நாளை அந்த வகுப்பை நானே நடத்த வேண்டுமாம். இருபத்தோராம் வசனத்தைத் தாண்டிப் போக மாட்டேன். கறுப்பரும் வெள்ளையரும் தேவனுக்கு ஒன்றே என்னும் இருபத்தாறாம் அதிகாரத்தையும் வாசிப்பேன், ஆனால் முன்னதை மூடி மறைக்க அதைப் பயன்படுத்த மாட்டேன். மகள் முதல் வரிசையில் இருப்பாள். ஜேனிடமிருந்து தொடங்குவதா, 1852இலிருந்தா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.